முகத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? நவீன ஓவியம் உருவப்படத்தை மாற்றிய விதம்

கேமரா வந்தது, முகத்தை அச்சு அசலாக வரைகிற வேலை ஓவியர்களிடமிருந்து போய்விட்டது, அதனால்தான் அவர்கள் முகத்தைக் கோணல்மாணலாக வரைய ஆரம்பித்தார்கள். நவீன ஓவியம் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் இந்த விளக்கம்தான் முதலில் வரும். பாதி உண்மையும்கூட. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. டாகுவேரின் புகைப்பட முறை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியின் உருவப்படத்தில் முகத்துக்குப் பச்சை பூசியது 1905இல். நடுவில் 66 ஆண்டுகள்.

அந்த 66 ஆண்டுகளில் எண்ணெய் வண்ண உருவப்படத் தொழில் படுத்துவிடவில்லை, கொழித்தது. கேமராவால் உண்மையிலேயே பிழைப்பை இழந்தவர்கள் உள்ளங்கை அளவில் சிற்றுருவப் படங்கள் வரைந்தவர்கள்தான். 1854இல் திஸ்தேரி என்ற பாரிஸ் புகைப்படக்காரர், ஒரே தகட்டில் எட்டுப் படம் வரை எடுத்து வெட்டிக் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரணக் குடும்பங்களும் முகப்படம் வைத்துக்கொள்ள முடிந்தது அதன் பிறகுதான். பணக்காரர்களோ, புகைப்படம் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியதாலேயே, ஆளுயர எண்ணெய் ஓவியத்தை இன்னும் அதிகமாக விரும்பினார்கள். பொன்னா, கரோலுஸ்-துரான் போன்ற ஓவியர்கள் அதில் பெரும் பொருள் ஈட்டினார்கள். பாரிசின் ஆண்டுக் கண்காட்சியான சலோனின் சுவர்களை உருவப்படங்கள் நிறைத்தன.

அப்படியானால் உடைப்பு எங்கே நடந்தது? கேமராவைவிடப் பெரிய காரணம் பணம் வந்த வழி மாறியதுதான் என்று நான் நினைக்கிறேன். நூற்றாண்டுக் கணக்கில், ஓவியர் முன்னால் உட்கார்ந்தவரோ அவருடைய குடும்பமோதான் படத்துக்குப் பணம் கொடுத்தது. பிடிக்கவில்லை என்றால் திருத்தச் சொல்லலாம், வேண்டாம் என்று திருப்பியும் விடலாம். நவீன ஓவியத்தின் பேர்போன உருவப்படங்களை எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் ஓவியரின் மனைவி, நண்பர், ரயில் நிலையத்துத் தபால் ஊழியர், கலை வணிகர், ஓவியம் சேகரிக்கும் தோழி. அநேகமாக இவர்கள் யாருமே தங்கள் முகத்துக்கு முன்பணம் கொடுத்து வரைந்து தரச் சொன்னவர்கள் இல்லை. மறுக்கும் உரிமை அவர்களிடம் இல்லாமல் போனதும், என்ன வேண்டுமானாலும் செய்துபார்க்கும் உரிமை ஓவியரிடம் வந்தது.

உடைந்தது என்னவென்று தெரிய, உடையாமல் இருந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1701இல் இயசிந்த் ரிகோ வரைந்த பதினான்காம் லூயியின் படம் அதற்கு நல்ல சான்று. மன்னருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முகத்தில் முதுமை கொஞ்சம் தெரிகிறது, ஆனால் வெண்பட்டுக் காலுறை போட்ட கால்களோ இளம் நடனக்காரனின் கால்கள். பின்னால் தூண், மேலே சிவப்புத் திரைச்சீலை, தோளிலிருந்து தரை வரை வழியும் அரச அங்கி. ஸ்பெயினின் அரசனாகியிருந்த பேரனுக்கு அனுப்பத்தான் இது வரையப்பட்டது. லூயிக்கு மிகவும் பிடித்துப்போனதால் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அந்தத் தூணும் திரைச்சீலையும் பிறகு பிரபுக்கள், வியாபாரிகள், மருத்துவர்கள் என்று எல்லோருடைய படத்துக்கும் இறங்கி வந்தன. நம் ஊர் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் வரைந்த தூணுக்கும் பூந்தொட்டிக்கும் பக்கத்தில் தாத்தா பாட்டியை நிறுத்திப் படம் எடுத்தார்களே, அதுவும் இந்த வழியில் வந்து சேர்ந்ததுதான். இவற்றோடு எழுதப்படாத விதிகள் சில இருந்தன. முகம் முக்கால்வாசி திரும்பி வெளிச்சத்தில் இருக்க வேண்டும். துணியும் நாற்காலியும் நன்றாக வரையப்படலாம், ஆனால் பார்ப்பவர் கண் முகத்துக்கே வந்து சேர வேண்டும். சதையின் நிறம் வெளிச்சத்திலிருந்து பழுப்பு நிழலுக்கு அலுங்காமல் இறங்க வேண்டும், தூரிகை போன தடம் தெரியக் கூடாது. சாயல் இருக்க வேண்டும், கூடவே கொஞ்சம் மெருகும்.

இந்த விதிகளைக் கரைத்துக் குடித்தவர் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர். 1832இல் அவர் வரைந்த பத்திரிகை அதிபர் பெர்த்தேனின் படம் இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பருத்த உடம்பு, முழங்கால்களில் ஊன்றிய இரண்டு கைகள், விரல்கள் பறவையின் நகங்கள் மாதிரி விரிந்திருக்கின்றன. தூணும் திரையும் இல்லாமலே அதிகாரம் தெரிகிறது. பழைய முறையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. இந்த உட்காரும் தோரணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொருவர் இதில் உட்காரப்போகிறார்.

முதல் கீறல் 1868 சலோனில் தெரிந்தது. ஓவியர் எதுவார் மனேயின் 'எமில் ஸோலா'. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், மனேயைப் பாரிசே கேலி செய்துகொண்டிருந்தபோது, ஸோலா என்ற இளம் பத்திரிகையாளர் அவரை ஆதரித்து எழுதினார். வாசகர்களின் எதிர்ப்பு பெரிதாகி அந்தத் தொடரையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு நன்றியாக வரைந்ததுதான் இந்தப் படம். மேசைக்கு முன்னால் ஸோலா, கையில் திறந்த புத்தகம். சுவரில் மனேயின் சொந்த 'ஒலிம்பியா'வின் சிறு பிரதி, வெலாஸ்கெஸ் ஓவியம் ஒன்றின் அச்சுப்படம், ஒரு ஜப்பானிய மல்லர் படம். மேசையில் ஸோலா மனேயைப் பற்றி எழுதிய நீலநிறச் சிறுநூல் தெரிகிறது. அதன் அட்டையில் இருக்கும் மனேயின் பெயரே படத்துக்குக் கையொப்பமாகவும் ஆகிவிடுகிறது.

பார்த்தவர்களை உறுத்தியது வேறொன்று. ஸோலாவின் முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை மனே புத்தக அடுக்குக்கும் இறகுப் பேனாவுக்கும் கால்சட்டைக்கும் கொடுத்திருந்தார். ரெதோன் என்ற இளம் ஓவியர் தன் விமர்சனத்தில், இது ஒரு மனிதரின் வெளிப்பாடு என்பதைவிட ஒரு ஸ்டில் லைஃப், அதாவது உயிரற்ற பொருள்களின் படம், என்றே சொல்லலாம் என்ற கருத்தை எழுதினார். குறையாகத்தான் சொன்னார். ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருந்தார். படத்தில் முகம்தான் அரசன், மற்றதெல்லாம் பரிவாரம் என்ற வரிசை அங்கே குலைந்திருந்தது.

அதே காலத்தில், பணம் புழங்கும் உலகத்துக்குள் இருந்துகொண்டு விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 1884 சலோனில் ஜான் சிங்கர் சார்ஜன்ட், பாரிஸ் சமூகத்தில் அழகுக்குப் பெயர்போன வெர்ஜினி கோத்ரோவின் படத்தை வைத்தார். கறுப்பு கவுன், வெளிறிய தோல், தோளிலிருந்து நழுவிய ஒரு பட்டி. அந்தப் பட்டிக்காக ஊரே கொதித்தது. பெண்ணின் தாய் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். சார்ஜன்ட் பின்னால் பட்டியைத் தோள்மேல் ஏற்றித் திருத்தி வரைந்தார், பாரிசை விட்டு லண்டனுக்கும் போய்விட்டார். அந்தப் படத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது 1916இல். உருவப்படம் கேட்டு வரும் பெரிய மனிதர்களை நம்பிப் பிழைக்கும் ஓவியருக்கு ஒரு தோள்பட்டி அளவுகூட இடம் கிடைக்கவில்லை.

பிரெஞ்சு ஓவியர் செசானுக்கு அந்தக் கவலையே இல்லை. தந்தை வங்கி நடத்தியவர். மகனுக்கு மாதப்பணம் அனுப்பினார். அந்தப் பணம் நின்றுவிடக் கூடாதென்று செசான், தான் 1869இல் சந்தித்த ஆர்த்தான்ஸ் ஃபிகேயையும் 1872இல் பிறந்த மகனையும் வீட்டுக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்தார். கல்யாணம் 1886இல்தான் நடந்தது. இந்தக் காலம் முழுக்கவும் அதற்கு அப்புறமும் அவர் ஆர்த்தான்ஸை எண்ணெய் வண்ணத்தில் 29 முறை வரைந்தார்.

அந்த 29 படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். இவை ஒரே பெண்தானா என்றே சந்தேகம் வரும். முட்டை வடிவத்துக்குப் போய்விட்ட முகம் ஒன்று, கன்னம் ஒட்டிய முகம் ஒன்று, ஒரு பக்கம் சாய்ந்த முகம் ஒன்று. ஒன்றிலும் சிரிப்பில்லை. கோபமோ சோகமோ இன்னதென்று சொல்லும்படியும் இல்லை. உருவப்படம் என்றால் உள்ளே இருக்கும் குணம் முகத்தில் தெரிய வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. செசான் அந்தக் கதவை அடைத்துவிடுகிறார். பாஸ்டனில் இருக்கும் சிவப்பு நாற்காலிப் படத்தில், ஆர்த்தான்ஸின் கன்னத்தில் இருக்கும் பச்சையும் நீலமும் பாவாடையின் கோடுகளிலும் சுவரின் நிறத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன. முகம் தனியாக நிற்கவில்லை, நாற்காலியோடும் சுவரோடும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது.

அவர் வேலை செய்த விதம் 1899இல் இன்னும் தெளிவாக வெளிவந்தது. அம்புருவாஸ் வொல்லார் என்ற வணிகர் 1895இல் செசானுக்கு முதல் தனிக் கண்காட்சி நடத்தியவர். அவர் முகத்தைச் செசான் வரைந்தார். ஒரு பெட்டியின்மேல் நாற்காலியை வைத்து வொல்லாரை உட்காரச் சொல்லியிருந்தார். அசையாமல் இருந்து இருந்து வொல்லார் தூங்கிப்போய்க் கீழே விழுந்தார். ஆப்பிள் அசையுமா என்று செசான் திட்டினார். இப்படி 115 முறை உட்கார்ந்ததாக வொல்லார் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கையில் இரண்டு சிறு இடங்களில் வண்ணமே இல்லாமல் கேன்வாஸ் தெரிந்தது. அதைக் கேட்டபோது செசான் சொன்ன காரணம்: சரியான நிறம் கிடைக்காமல் ஏதோ ஒன்றை அங்கே வைத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மாற்ற வேண்டியதாகிவிடும். கடைசியில் படத்தை அப்படியே விட்டுவிட்டுத் தன் சொந்த ஊரான எக்ஸுக்குக் கிளம்பிப் போனார். சட்டையின் முன்பகுதி பரவாயில்லை என்பது மட்டுமே அவருடைய திருப்தி.

சட்டை பரவாயில்லை! 115 நாள் உட்கார்ந்தவரின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைப் பலரும் செசானின் கிறுக்குத்தனம் என்று கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது அவருடைய நேர்மையாகப் படுகிறது. கையில் வைக்கும் ஒரு தீற்றல் மொத்தப் படத்தையும் அசைக்கும் என்றால், அந்தப் படத்தில் கண்ணுக்கு ஒரு மதிப்பு, விரலுக்கு ஒரு மதிப்பு என்று கிடையாது. எல்லா இடமும் ஒன்றையொன்று தாங்குகிறது. வொல்லாரின் கண்கள் இரண்டு இருண்ட குழிகளாக நிற்க, சட்டையின் வெள்ளை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பாரிசின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

வான்கோவுக்கு மாடல் கிடைப்பதே பாடு. பணம் கொடுக்க வசதியில்லை. ஆர்ல் நகரில் அவருக்குக் கிடைத்த முகங்கள் ரயில் நிலையத்தில் தபால் மூட்டைகளைக் கவனித்த ஜோசப் ரூலேனும் அவர் குடும்பமும்தான். பெல்ஜிய ஓவிய நண்பர் யூஜின் போஷின் படத்தைத் திட்டமிடும்போது தம்பி தியோவுக்கு எழுதிய கடிதம் முக்கியமானது. முதலில் உள்ளபடி வரைவேன், அதோடு படம் முடியாது, பிறகு தலைமுடியின் பொன்னிறத்தை மிகைப்படுத்தி ஆரஞ்சுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் கொண்டுபோவேன், தலைக்குப் பின்னால் சாதாரண அறைச் சுவருக்குப் பதில் முடிவின்மையை, என்னால் முடிந்த மிக ஆழமான நீலத்தை வரைவேன் என்கிற பொருளில் எழுதினார். நண்பனை எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை நிறத்தால் சொல்லப்போகிறார். முடியின் நிறம் இனி முடியைச் சார்ந்ததில்லை. 1890இல் தங்கை வில்லுக்கு எழுதியபோது, நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவர்களுக்குத் திடீர்த் தோற்றங்கள்போலத் தெரியும் உருவப்படங்களை வரைய ஆசை, புகைப்படச் சாயலால் அதைச் செய்ய விரும்பவில்லை என்றார். அடுத்த மாதம் இறந்துபோனார்.

இனி 1905. பாரிசின் இலையுதிர்க் கால சலோனில் மத்தீஸ் 'தொப்பி அணிந்த பெண்' படத்தைத் தொங்கவிட்டார். உட்கார்ந்திருப்பவர் மனைவி அமேலி. தொப்பிக் கடை நடத்தியவர், அவருடைய வருமானத்தில் குடும்பம் நடந்த காலமும் உண்டு. படத்தின் அமைப்பை மட்டும் கோடாக வரைந்து பார்த்தால் அதில் புரட்சியே இல்லை. நல்ல உடையும் கையுறையும் பெரிய தொப்பியும் அணிந்த ஒரு நடுத்தர வர்க்கப் பெண் முக்கால்வாசி திரும்பி நம்மைப் பார்க்கிறாள், கையில் விசிறி. எந்தச் சமூக உருவப்படக்காரரும் வைக்கக்கூடிய தோரணை. பழைய வீட்டின் சுவர்களை அப்படியே நிற்கவிட்டு, உள்ளே இருக்கும் நிறத்தை மட்டும் மத்தீஸ் மாற்றிவிட்டார். நெற்றியிலும் மூக்கிலும் பச்சை, கழுத்தில் ஆரஞ்சு, பின்னால் பச்சையும் ஊதாவும் ரோஜாவும் அள்ளித் தேய்த்த திட்டுகள்.

பச்சை ஏன்? அடுத்து அதே ஆண்டில் அவர் வரைந்த 'பச்சைக் கோடு' இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. அதுவும் அமேலிதான், இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறது. நெற்றி மேலிருந்து தாடை வரை ஒரு பச்சைப் பட்டை இறங்குகிறது. அதற்கு ஒரு பக்கம் முகம் மஞ்சள் சார்ந்து, இன்னொரு பக்கம் ரோஜா சார்ந்து. மரபான ஓவியத்தில் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் சந்திக்கும் எல்லை அது. அங்கே பழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூக்கை முன்னால் தள்ளிக் காட்டுவார்கள். மத்தீஸ் அந்த வேலையைப் பழுப்பிடமிருந்து பிடுங்கி, எதிரெதிர் நிறங்களிடம் கொடுத்தார். முகம் தட்டையாகவும் இருக்கிறது, திடமாகவும் இருக்கிறது. நிழல் என்று ஒன்று வரையப்படவே இல்லை.

சலோனில் ஜனங்கள் சிரித்தார்கள். விமர்சகர் லூயி வொசேல், அந்த அறையில் இருந்த ஒரு பழைய பாணிச் சிலையைப் பார்த்துவிட்டு, காட்டு விலங்குகளுக்கு நடுவே தொனதெல்லோ (மறுமலர்ச்சிக் கால இத்தாலியச் சிற்பி) என்று எழுதினார். காட்டு விலங்கைக் குறிக்கும் 'ஃபோவ்' என்ற பிரெஞ்சுச் சொல்லால் ஃபாவிசம் என்ற பெயர் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. பாரிசில் குடியேறியிருந்த அமெரிக்கரான லியோ ஸ்டைனுக்கு அந்தப் படம் முதலில், தான் பார்த்ததிலேயே மிக மோசமான வண்ணப் பூச்சாகத் தோன்றியது. ஆனாலும் அவரும் சகோதரி கெர்ட்ரூடும் குடும்பமும் சேர்ந்து அதை 500 ஃபிராங்குக்கு வாங்கினார்கள். இன்று சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது.

ஸ்டைன்களின் வீடு ஃப்ளேரூஸ் தெரு 27ஆம் எண். இந்த முகவரி இல்லாமல் இந்தக் கதை நகராது. முந்தைய ஆண்டுதான் அவர்கள் வொல்லாரிடமிருந்து, கையில் விசிறியோடு இருக்கும் ஆர்த்தான்ஸின் படத்தை வாங்கியிருந்தார்கள். இப்போது அமேலியும் வந்து சேர்ந்தார். அந்த வீட்டுக்குச் சனிக்கிழமை மாலைகளில் வந்துபோன இளைஞர்களில் ஒருவர் பிக்காசோ. கணவனுக்காகச் சலிக்காமல் உட்கார்ந்த இரண்டு மனைவிகளின் முகங்களும் அந்தச் சுவர்களில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

1905–06 குளிர்காலத்தில் கெர்ட்ரூட் ஸ்டைன் பிக்காசோவின் மோன்மார்த் அறைக்கு நடந்துபோய் உட்கார ஆரம்பித்தார். 80, 90 முறை போனதாக அவரே சொல்கிறார். உடம்பு, பழுப்பு நிற உடை, முன்னால் சாய்ந்த தோள், முழங்கால்மேல் ஊன்றிய கை எல்லாம் வந்துவிட்டன. ஆம், ஆங்கரின் பெர்த்தேன் உட்கார்ந்த அதே கனம்தான். ஒரு பத்திரிகை அதிபருக்கு உரிய தோரணையில் ஒரு பெண் எழுத்தாளர். முகம்தான் வரவில்லை. வசந்தகாலத்தில் ஒருநாள் பிக்காசோ தலையை முழுசாக அழித்துவிட்டார். பார்க்கும்போது உன்னைக் காண முடியவில்லை என்றார். கோடையில் கட்டலோனிய மலைக்கிராமம் கோசோலுக்குப் போனார். திரும்பி வந்ததும், கெர்ட்ரூட் எதிரே இல்லாமல், நினைவிலிருந்து தலையை வரைந்து முடித்தார்.

இதை நான் மொத்த மாற்றத்தின் நடுப்புள்ளியாக நினைக்கிறேன். உருவப்படத்தின் அடிப்படை நிபந்தனையே உட்கார்ந்தவரைப் பார்த்து வரைவது. அத்தனை முறை பார்த்தும் கிடைக்காதது பார்க்காதபோது கிடைத்தது. அந்த முகம் முகமூடி மாதிரி இருக்கிறது. ஒரு கண் பெரிது, மற்றது சின்னது, இமைகள் கல்லில் செதுக்கியது போலக் கூர்மையாக வெட்டி நிற்கின்றன. உடம்பின் மென்மையான பூச்சுக்கும் முகத்தின் கடினத்துக்கும் நடுவே ஒட்டுப்போட்ட தடம் அப்பட்டமாகத் தெரிகிறது. லூவரில் அந்தச் சமயம் வைக்கப்பட்டிருந்த பண்டைய ஸ்பெயினின் ஐபீரியச் சிற்பங்களைப் பிக்காசோ பார்த்திருந்தார். அந்த முகங்கள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டன.

கெர்ட்ரூடைப் போல இல்லையே என்றவர்களுக்கு, போகப்போக அவர் இதைப் போல ஆகிவிடுவார் என்று பிக்காசோ பதில் சொன்னதாகக் கதை உண்டு. படத்துக்குப் பணம் கைமாறவில்லை, பரிசாகவே கொடுத்தார். கெர்ட்ரூட் அதைக் கடைசிவரை தன்னோடு வைத்திருந்து, 1946இல் இறந்தபோது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார்.

அதே 1906, அதே பாரிஸ், வேறொரு அறை. ஜெர்மனியின் வோர்ப்ஸ்வேட கிராமத்தில் கணவரை விட்டுவிட்டு வந்திருந்த பவுலா மோடர்சோன்-பெக்கர், மே 25ஆம் தேதியிட்ட ஒரு தன்னுருவப்படத்தை வரைந்தார். இடுப்பு வரை ஆடையில்லை, கழுத்தில் அம்பர் மணிமாலை, கைகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவர் அப்போது கர்ப்பமாக இல்லை. 30ஆம் வயதில், ஆறாவது கல்யாண நாளில் இதை வரைந்தேன் என்று கீழே எழுதி, பி. பி. என்று கையொப்பமிட்டார். கல்யாண நாளின் படத்தில் கணவரின் பெயர் இல்லை. பெண்ணின் ஆடையில்லாத உடம்பை ஆண்களே வரைந்துவந்த உலகில், வரைபவரும் வரையப்படுபவரும் ஒரே பெண்ணாக இருக்கும் முதல் படங்களில் இது ஒன்று. அடுத்த ஆண்டு பிரசவம் முடிந்த சில வாரங்களில் 31 வயதில் இறந்தார். நவீன உருவப்படத்தின் வரலாறு மத்தீஸ், பிக்காசோ என்று இரண்டு ஆண்களின் போட்டியாகவே சொல்லப்படுவதால் இவர் பெயர் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அவர்களிடம் இல்லாத ஒரு துணிச்சல் இந்தப் படத்தில் இருக்கிறது. அவர்கள் மற்றவர் முகத்தில் சோதனை செய்தார்கள். பவுலா தன்னையே வைத்தார்.

வியன்னாவில் பணத்தின் பங்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. இளம் ஓவியர் கோகோஷ்காவுக்கு உட்கார ஆள் பிடித்துக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ். படம் பிடிக்காவிட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்து அனுப்புவார். நடுங்கும் கைகள், நரம்பு தெரியும் தோல், தூங்காத கண்கள் கொண்ட அந்தப் படங்களைப் பலர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். லோஸும் சொன்னபடி எடுத்துக்கொண்டார். மறுப்பதற்கான விலையை மூன்றாவது ஆள் ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஓவியர் பயப்பட வேண்டியதில்லை.

1910இல் பிக்காசோ இரண்டு வணிகர்களை வரைந்தார், வொல்லாரும் கான்வைலரும். இப்போது க்யூபிசம் முழு வேகத்தில் இருந்தது. முகமும் கோட்டும் பின்னணியும் சின்னச் சின்னத் தளங்களாக உடைந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. நிறம் கிட்டத்தட்ட பழுப்பும் சாம்பலும் மட்டும், ஏனென்றால் நிறம் கண்ணை இழுத்தால் தளங்களின் விளையாட்டு தெரியாமல் போய்விடும். ஆனால் கான்வைலரின் படத்தில் பொறுமையாகத் தேடினால் கோத்த கைகள் கிடைக்கும், கடிகாரச் சங்கிலி கிடைக்கும், முடியின் ஓர் அலை கிடைக்கும். சிகாகோவில் இருக்கும் இந்தப் படத்துக்காகவும் கான்வைலர் பலமுறை உட்கார்ந்தார் என்பது ஆச்சரியமாகத் தோன்றலாம். உடைத்துப் போடுவதற்கும் அவ்வளவு பார்க்க வேண்டியிருந்தது. வொல்லார் படத்தில் நெற்றியும் மூக்கும் தாடியும் சட்டென்று பிடிபடும். பெரியவர்களுக்குப் புரியாத அந்தப் படத்தை ஒரு நண்பரின் சின்னக் குழந்தை பார்த்ததும் வொல்லார் என்று சொல்லிவிட்டதாக வொல்லாரே எழுதியிருக்கிறார். அவருக்கு அந்தப் படத்தில் பெரிய பற்று இருக்கவில்லை போலும். 1913இல் மாஸ்கோ சேகரிப்பாளர் மோரோசோவிடம் விற்றுவிட்டார்.

இந்த உடைப்புக்கு வேறொரு ஊற்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆப்பிரிக்க முகமூடிகளும் பசிபிக் தீவுகளின் சிற்பங்களும் அப்போது பாரிசின் இனவியல் அருங்காட்சியகத்திலும் பழம்பொருள் கடைகளிலும் நிறைந்திருந்தன. காலனி ஆட்சி அள்ளிக்கொண்டு வந்தவை. முகத்தைச் சில வெட்டுகளால், சில மேடுபள்ளங்களால் சொல்லிவிடலாம், சதையைப் போலி செய்யத் தேவையில்லை என்பதைப் பாரிஸ் ஓவியர்கள் அவற்றிடமிருந்து கற்றார்கள். கான்வைலரின் படத்திலேயே ஒரு பக்கம் நியூ கலிடோனியச் சிற்பம் ஒன்றின் நிழல் இருக்கிறது. செதுக்கிய கைகளின் பெயர் எந்தச் சுவர்க்குறிப்பிலும் ஏறவில்லை.

ஓவியர்களுக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரத்துக்கு உட்கார்ந்தவர்கள் என்ன கொடுத்தார்கள்? ஆர்த்தான்ஸின் படங்களைப் பார்த்தே, அவர் சிடுமூஞ்சி, கணவரின் கலையைப் புரிந்துகொள்ளாதவர் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவிட்டார்கள். உணர்ச்சியை வரைய மறுத்தவர் செசான், பழி விழுந்தது உட்கார்ந்த பெண்மீது. பழைய விதிகளின்படியே இந்தப் படங்களைப் படித்ததால் வந்த அநியாயம் இது. 1913இல் மத்தீஸ் அமேலியை இன்னொருமுறை வரைந்தார், நூறு முறைக்கு மேல் உட்காரவைத்து. முகம் சாம்பல் நிற முகமூடியாகவும் கண்கள் வெறும் கறுப்புத் துளைகளாகவும் ஆகிவிட்டன. படத்தைப் பார்த்து அமேலி அழுதார் என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட பெண்களைத் தெருவில் பார்த்தால் நானே பயந்து ஓடிவிடுவேன், நான் செய்வது பெண்ணை அல்ல, படத்தை என்று மத்தீஸ் பின்னால் விளக்கினார். கலையின் பக்கம் நின்று பார்த்தால் அதில் தவறில்லை. நூறு முறை உட்கார்ந்தவரின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பதில் போதாது.

சரி, சாயலை வரையும் திறமை இவர்களிடம் இல்லாமல்தான் இப்படியெல்லாம் செய்தார்களா? இன்றும் கேட்கப்படும் கேள்வி. 1914இல் போர் வந்தது. ஜெர்மானியரான கான்வைலரின் சரக்கைப் பிரெஞ்சு அரசு எதிரிச் சொத்து என்று முடக்கியது. பிக்காசோவின் நண்பர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டார்கள். 1915இல் அவர் பென்சிலை எடுத்துக் கவிஞர் மாக்ஸ் ஜாக்கோபையும், பிறகு வொல்லாரையும் வரைந்தார். வொல்லாரின் கோட்டின் ஒவ்வொரு மடிப்பும், கனத்த இமைகளும், தாடியின் கத்தரிப்பும் ஆங்கர் வரைந்ததுபோல மெல்லிய கோட்டில் அச்சாக வந்திருக்கின்றன. பிக்காசோ க்யூபிசத்தைக் கைவிட்டுவிட்டாரோ என்று கூட்டாளிகள் கலங்கினார்கள். அவரோ அதே ஆண்டின் கடைசியில், தட்டைப் பட்டைகளால் ஆன ஒரு ஹார்லெக்வினை, அதாவது கட்டம்போட்ட உடை அணிந்த நாடகக் கோமாளியை, வரைந்துகொண்டிருந்தார்.